தர்தார்: ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிற தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்றுக்கொண்டு போகிறார்கள். காபி கேட்கவும் கற்றுக்கொள்கிறார்கள். போய் இறங்கிய முதல் வாரத்தில் நாள் முழுக்க நாக்கில் வேண்டியிருப்பது வேறு ஒரு சொல். பஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்? வெளிநாட்டவர் அடையாள அட்டை கைக்கு வர எத்தனை நாள் ஆகும்? நீ ஏன் இவ்வளவு லேட்? இதோ வந்துட்டேன். இவ்வளவுக்கும் அங்கே ஒரே வினைச்சொல் போதும். அதுதான் 'தர்தார்'. நேரம் பிடிப்பது, தாமதிப்பது, சுணங்குவது எல்லாம் இதற்குள் அடக்கம். இலக்கணத்தில் கொஞ்சமும் முரண்டு பிடிக்காத வினை. இதைச் சரியாகக் கையாளத் தெரிந்தால் முதல் மாதத்து அலைச்சலில் பாதி குறையும் என்பது என் கட்சி.

முதலில் உச்சரிப்பு. இதில் நமக்கு அதிர்ஷ்டம். தொடக்கத்தில் வரும் த, 'தம்பி'யில் வருகிற த. நடுவில் வருவது 'அது' என்று சொல்லும்போது நாக்கு பல்லை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிற மெல்லிய த. ஸ்பானிஷ்காரர்கள் இரண்டையும் இரண்டு எழுத்தாக எழுதுகிறார்கள், நாம் ஒரே எழுத்தில் எழுதிவிட்டு வாயால் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் இந்த இரண்டு ஒலிக்கும் மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கும், உனக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது. ரகரமும் நம் 'பார்' என்பதில் உள்ள ர் தான். ஆங்கிலப் பள்ளியில் படித்த பழக்கத்தில் நாக்கை உள்ளே சுருட்டாதே.

ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம்தான் உண்டு. அந்த அழுத்தம் விழும் இடத்தில் நான் நெடில் போட்டு எழுதுகிறேன், மற்ற இடத்தில் குறில். இதை நீயும் உன் நோட்டில் செய்து பார். ஏனென்றால் இந்த வினையில் அழுத்தம் மாறினால் ஆளும் காலமும் சேர்ந்து மாறிப்போகும். 'தார்தொ' என்றால் எனக்கு நேரம் பிடிக்கிறது. 'தர்தோ' என்றால் அவனுக்கோ அவளுக்கோ நேரம் பிடித்தது. 'தர்தே' என்றால் எனக்கு நேரம் பிடித்தது. 'தார்தெ' என்றால் அது வினையாகவே இல்லாமல் பிற்பகல் என்றோ 'தாமதமாக' என்றோ ஆகிவிடலாம். போனில் வேகமாகப் பேசும்போது இந்த நான்கும் ஒன்றோடொன்று குழம்பும். மெதுவாகப் பேசினாலும் பரவாயில்லை, அழுத்தத்தை மட்டும் சரியான இடத்தில் வை.

மற்ற வடிவங்கள் வழக்கமானவைதான். நீ என்றால் 'தார்தஸ்', அவன், அவள், அது, மரியாதையான நீங்கள் எல்லாவற்றுக்கும் 'தார்த', நாம் என்றால் 'தர்தாமொஸ்', அவர்கள் என்றால் 'தார்தன்'. 'தர்தாமொஸ்' மட்டும் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே வடிவம், சொல்லும் இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது வாக்கிய அமைப்புக்கு வருவோம். நம்மவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். தமிழில் 'எனக்கு வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆச்சு' என்கிறோம். ஆனது நேரம், எனக்கு ஆனது. ஸ்பானிஷில் அந்த 'எனக்கு' கிடையாது. தாமதித்தவன் நான், தாமதிப்பது பஸ், தாமதிப்பது அரிசி. செய்கிறவர் யாரோ, எதுவோ, அதுதான் எழுவாய். 'தாமதிக்காதே' என்று நாம் சொல்லும்போது உள்ள அமைப்பை மனதில் வைத்துக்கொள், தடம் மாறாது. வரிசை இப்படி: தர்தார் வினை, பிறகு எவ்வளவு நேரம், பிறகு 'என்', பிறகு செய்த வேலை. 'தர்தே தோஸ் ஓரஸ் என் யெகார்': வந்து சேர எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தக் குட்டி 'என்' முக்கியம். மாணவர்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள், அல்லது அங்கே 'போர்' போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் நேரத்தை 'எடுத்துக்கொள்வது' போல நினைத்து, எடுப்பதற்கான 'தொமார்' என்ற வினையைப் போட்டு 'நான் இரண்டு மணி நேரம் எடுத்தேன்' என்று வாக்கியம் கட்டுகிறவர்களும் உண்டு. அதே வினையில் பானம் குடிப்பதும் அடங்கும் என்பதால், கேட்கிறவருக்கு நீ இரண்டு மணி நேரத்தை என்ன செய்தாய் என்றே புரியாது. 'எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது' என்ற பொருளில் அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷில் அந்த வினையையும் சொல்வார்கள், ஆனால் அதன் அமைப்பு வேறு. ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போகாதே.

பொதுவாகக் கேட்கும்போது ஆளைக் குறிப்பிடாமல் 'குவான்தொ ஸெ தார்த?' என்று கேள். எவ்வளவு நேரம் ஆகும் என்று அர்த்தம். வழி கேட்கும்போது, வாடகைக்கு அறை பார்க்கும்போது, அங்கிருந்து கல்லூரிக்கு நடந்துபோக எத்தனை நிமிடம் என்று தெரிய வேண்டும்போது இதுதான். ஒரு குறிப்பிட்ட பஸ்ஸையோ ரயிலையோ பற்றி என்றால் அதையே எழுவாயாக்கு. மாட்ரிட்டிலிருந்து பார்ஸிலோனாவுக்கு 'ஆவெ' அதிவேக ரயில் 2008 பிப்ரவரியிலிருந்து முழுப் பாதையும் ஓடுகிறது. 620 கிலோமீட்டர் சொச்சம், நிற்காமல் போகும் வண்டிக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். அதைச் சொல்ல 'எல் ஆவெ தார்த தோஸ் ஓரஸ் இ மேதிய'. சமையலிலும் இதே வினைதான். பாயெல்லாவுக்கான அரிசி வேக எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பார், வலென்ஸியாக்காரர்கள் பலர் யோசிக்காமல் 18 நிமிடம் என்பார்கள். குக்கர் விசிலை எண்ணிப் பழகிய நமக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நேரத்தைச் சொல்லாமல் வெறும் 'தார்த' என்றால், ரொம்ப நேரம் ஆகிறது என்று பொருள். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கும் பாட்டி 'கோமொ தார்த!' என்று பெருமூச்சு விட்டால், 'இன்னும் வரலியே!' என்கிறாள். நீயும் தலையை ஆட்டி 'ஸீ' என்று சொல், பேச்சு தொடங்கிவிடும்.

வீட்டுக்குள் புழங்குகிற சின்ன வாக்கியங்களில்தான் இந்த வினையின் ருசி. வெளியே கிளம்பும் தோழியிடம் 'நோ தார்தெஸ்', சீக்கிரம் வந்துடு. நீ கீழே கடைக்குப் போகும்போது 'நோ தார்தொ', இதோ வந்துடுறேன். 'போயிட்டு வர்றேன்' என்று நாம் சொல்வதற்கு அங்கே நேர்ச்சொல் இல்லை, அந்த இடத்தில் இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு இதமாக இருக்கும். ரொம்ப நேரம் கழித்து வந்தால் 'குவான்தொ அஸ் தர்தாதொ!' என்பார்கள், எவ்வளவு நேரம் ஆக்கிட்டே! இதே கோபத்தை மெக்ஸிகோவிலோ அர்ஜென்டினாவிலோ 'குவான்தொ தர்தாஸ்தெ!' என்று சொல்வார்கள். எப்போதும் தாமதமாக வருகிற ஆளுக்கு 'தர்தோன்', பெண்ணென்றால் 'தர்தோன'. செல்லமாகத் திட்டுகிற சொல்தான், முகம் வாடாதே.

'நோ தர்தோ என்' என்று செய்தியிலோ கதையிலோ படித்தால், தாமதம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு எதிராகப் புரிந்துகொள்ளாதே. சீக்கிரமே அது நடந்தது என்று பொருள். மழை பெய்ய நேரம் ஆகவில்லை என்றால், உடனே மழை பிடித்துக்கொண்டது.

அடுத்தது, பேராசிரியரின் மின்னஞ்சலில் கட்டாயம் வரப்போகிற 'அ மாஸ் தர்தார்'. கட்டுரையை 'அ மாஸ் தர்தார் எல் வியேர்னெஸ்' அனுப்பு என்று எழுதியிருந்தால், வெள்ளிக்கிழமைதான் கடைசி, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. கண்ணில் தர்தார் பட்டவுடன் 'தாமதமானாலும் பரவாயில்லை போல' என்று மனம் தனக்கு வசதியாக மொழிபெயர்த்துக்கொள்ளும். அந்த மூன்று சொல்லைப் பார்த்த கையோடு காலண்டரில் குறித்துவிடு.

பதில் எழுதத் தாமதமானால் நண்பர்களுக்கு 'பெர்தோன் போர் ல தர்தான்ஸ' போதும். அலுவலகத்துக்கும் பேராசிரியருக்கும் 'திஸ்கூல்பெ ல தெமோர' என்று தொடங்கு, மரியாதை கூடுதல்.

லேட் என்பதை இனிக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தர்தார் என்பது எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற கணக்கு. குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டேன் என்று சொல்ல 'யேகொ தார்தெ', தாமதமாக வருகிறேன். 'இருக்கிறேன்' என்பதற்கான வினையைப் போட்டு 'எஸ்தோய் தார்தெ' என்று சொல்லாதே, அது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது, ஸ்பானிஷில் நிற்காது. கிளம்பவே நேரமாகிவிட்டது, நம்மை அறியாமல் பொழுது போய்விட்டது என்பதற்கு அழகான ஒரு வாக்கியம் இருக்கிறது: 'ஸெ மெ ஆ ஏச்சொ தார்தெ'. இங்கே பார், நம்முடைய 'எனக்கு நேரமாயிடுச்சு' அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'எனக்கு' என்பதைத் தர்தாரிடம் விட்டுக்கொடுத்தோம், இந்த வாக்கியத்தில் திரும்பக் கிடைக்கிறது.

'தார்தெ' பிற்பகலும் ஆகும் என்றேன். அந்தப் பிற்பகல் நம்முடையது போல மூன்று மணியோடு முடிவதில்லை. ஸ்பெயினில் மதியச் சாப்பாடே இரண்டு, மூன்று மணிக்குத்தான். சாப்பிடாதவரை பலருக்கு அது இன்னும் காலைதான், ஒரு மணிக்குக்கூட 'புவேனொஸ் தீயஸ்' என்பார்கள். அதன் பிறகு இருட்டுகிற வரை 'புவேனஸ் தார்தெஸ்'. கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் அப்போதும் தார்தெதான். கடைக்காரர் 'போர் ல தார்தெ' வா என்றால் லேட்டாக வா என்று சொல்லவில்லை. மதியம் மூடிய சின்னக் கடைகள் சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் மறுபடி திறக்கும், அப்போது வா என்கிறார். மூன்று மணி வெயிலில் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்காதே.

இனி, அக்கா என்ற உரிமையில் மட்டும் சொல்லக்கூடிய ஒன்று. தாமதத்துக்கு 'ரெத்ராஸொ' என்று பெயர்ச்சொல் உண்டு. ரயில் 'கொன் ரெத்ராஸொ' வருகிறது, நானும் 'வோய் கொன் ரெத்ராஸொ' என்று சொல்லலாம். ஆனால் ஒரு பெண் 'தேன்கொ உன் ரெத்ராஸொ', அதாவது 'எனக்கு ஒரு தாமதம் இருக்கு' என்று சொன்னால், மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் காதில் விழும். வகுப்புக்கு லேட்டாகப் போய் ஆசிரியரிடம் இதைச் சொல்லிவைக்காதே. மருத்துவரிடம் அதே விஷயத்துக்காகப் போனால் தாராளமாக இதே வாக்கியத்தைச் சொல், ஒரு வரியில் அவருக்குப் புரியும். இன்னொன்று: 'ரெத்ரஸாதொ', 'ரெத்ரஸாத' என்பதை விமானத்துக்கும் ரயிலுக்கும் சொல்லலாம், மனிதர்களுக்குச் சொல்லக் கூடாது. அது புத்தி வளர்ச்சியைக் கேலி செய்கிற வசைச்சொல். உன்னைப் பற்றிக்கூட அப்படிச் சொல்லிக்கொள்ளாதே.

பக்கத்து வினைகள் இரண்டு. சினிமா, வகுப்பு, விழா போன்றவை எவ்வளவு நேரம் நடக்கும் என்பதற்கு 'துரார்': 'ல பெலீகுல தூர தோஸ் ஓரஸ்'. படம் தாமதிக்கவில்லை, அதன் நீளமே அவ்வளவு. தொடங்கி இன்னும் முடியாமல் போய்க்கொண்டிருக்கிற நேரத்துக்கு 'யெவார்': 'யேவொ மேதிய ஓர எஸ்பெராந்தொ', அரை மணி நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடைசி வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள். உணவகத்தில், மருந்துக்கடை வரிசையில், அரசு அலுவலகத்தில் குரலை உயர்த்தாமலே உன் பொறுமையின் அளவைத் தெரியப்படுத்தும்.

அரசு அலுவலகம் என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஸ்பானியர்களே தங்கள் அலுவலகத் தாமதத்தைக் கிண்டல் செய்து ஏறக்குறைய இரு நூற்றாண்டு ஆகிறது. மரியானோ ஹொஸே தெ லார்ரா என்ற பத்திரிகையாளர் 1833-இல் 'நாளை வாருங்கள்' என்ற தலைப்பில் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினார். 15 நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று மாட்ரிட்டுக்கு வருகிற ஒரு பிரெஞ்சுக்காரர், போகிற இடமெல்லாம் 'நாளைக்கு வாங்க' என்ற பதிலையே கேட்டுக் கேட்டு, மாதங்கள் கரைந்த பிறகு வெறுங்கையோடு திரும்புகிறார். அவருக்கு லார்ரா வைத்த பிரெஞ்சுப் பெயருக்கே 'தாமதமில்லாதவர்' என்று அர்த்தம். இன்றும் ஸ்பானியர்கள் அலுவலகத்தில் கடுப்பாகும்போது அந்தத் தலைப்பைத்தான் சொல்கிறார்கள். நம் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியவர்களுக்கு அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இன்று நிலைமை அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் முன்பதிவு இல்லாமல் எதுவும் நடக்காது. 'ஸீத்த ப்ரேவிய' என்பார்கள். அது இல்லாமல் போனால் வாசல் காவலரே திருப்பி அனுப்பிவிடுவார். கவுன்டரில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்வி 'குவான்தொ வா அ தர்தார் ல தர்ஹேத்த?', அட்டை வர எவ்வளவு நாள் ஆகும்? அவர் சொல்லும் பதிலை அங்கேயே எழுதிக்கொள். கைரேகை எடுத்ததும் தருகிற ரசீதுக்கு 'ரெஸ்குவார்தொ' என்று பெயர். அட்டை கைக்கு வரும்வரை அதுதான் உன் சாட்சி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

விண்ணப்பித்துவிட்டுப் பதிலே வராமல் இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் சட்டம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் 39-ஆம் எண் சட்டப்படி, ஒரு விண்ணப்பத்துக்கு வேறு விதியில் கெடு குறிப்பிடவில்லை என்றால் அரசு மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மௌனத்துக்கே சட்டப் பொருள் உண்டு. சில விண்ணப்பங்களில் மௌனம் சம்மதம், சிலவற்றில் மறுப்பு. 'நிர்வாக மௌனம்' என்றே அதற்குப் பெயர். உன் விண்ணப்பம் இதில் எந்த வகை என்பதைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடு. பதில் வரவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நீயாக முடிவுகட்டாதே.

உன்னோடு அறையில் தங்கப்போகிறவர்கள் ஸ்பானியர்களாகத்தான் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கொலம்பியா, பெரு, மெக்ஸிகோ, அர்ஜென்டினா பிள்ளைகள் அங்கே நிறைய. கொலம்பியா, பெரு, சிலி பக்கத்தில் தர்தாரைவிட 'தெமொரார்ஸெ' அதிகம்: 'மெ தெமொரே தோஸ் ஓரஸ்'. அர்ஜென்டினா விமான நிலையப் பலகையில் தாமதமான விமானத்துக்கு எதிரே 'தெமொராதொ' என்று இருக்கும், ஸ்பெயினில் 'ரெத்ரஸாதொ'. மெக்ஸிகோக்காரி 'நோ மெ தார்தொ' என்று நடுவில் ஒரு 'மெ' சேர்ப்பாள். தப்பு இல்லை, அவள் ஊர் வழக்கு. நீ ஸ்பெயினில் இருக்கும்வரை 'மெ' இல்லாமலே சொல். அவளே 'அஒரீத்த' என்று சொன்னால் மட்டும் உஷார். அகராதியில் 'இப்பவே' என்று போட்டிருக்கும். நடைமுறையில் இந்த நொடியாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். நம் வீட்டில் 'இதோ ஆச்சு' என்று சொல்வார்களே, அந்த ரகம். பாத்திரம் கழுவுகிற முறை அவளுடையதாக இருந்து அவள் 'அஒரீத்த' என்றால், 'குவான்தொ வாஸ் அ தர்தார்?' என்று நிமிடக் கணக்கில் கேட்டு வாங்கிக்கொள்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். காலையில் எழுந்தது முதல் செய்கிற வேலைகளுக்கு நிமிடம் சொல்லிக்கொண்டே செய். 'தார்தொ தியேஸ் மினூத்தொஸ் என் துச்சார்மெ', குளிக்க எனக்குப் பத்து நிமிடம். உடுத்த 'என் வெஸ்தீர்மெ', தூக்கம் வர 'என் தொர்மீர்மெ'. கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'மெ' என்னைக் குறிக்கிறது, அதை விடாதே. அடுத்த நாள் அதையே நேற்று நடந்ததாக 'தர்தே' போட்டுச் சொல். பிறகு தம்பியை வைத்து 'தர்தோ' போட்டுச் சொல். அவன் குளிக்க எடுத்துக்கொள்கிற நேரத்தைச் சொல்லப் பெரிய எண்களும் தேவைப்படும், எண்ணும் சேர்ந்து பழகிவிடும்.

இன்னொரு விஷயம், பரீட்சைக்கு உதவாது, ஆனால் எனக்குப் பிடித்தது. இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் 'தார்துஸ்', மெதுவான என்று பொருள். பாசியில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத நீர்க்கரடிக்கு டார்டிகிரேட் என்று பெயர் வைத்தது இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லன்ஸானி. மெதுவாக நடப்பது என்று அர்த்தம். ஸ்பானிஷில் பொழுது சாய்வதற்கும் இதே குடும்பத்துச் சொல்தான் 'அதர்தெஸேர்'.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நீ தாமதிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போகிறவர்கள் ஸ்பெயினில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய நகரங்களில் முன்பதிவு நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதனால் போய்ச் சேர்ந்த மறுநாளே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், உட்கார்ந்து 'ஸீத்த ப்ரேவிய' போட்டுவிடு.